தொலைவிலிருந்து ஒரு குவாண்டம் செயல்: அனுமதிக்க வேண்டியவர் யார்?

2025 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு கருவிகள். ஒவ்வொன்றிலும் மின்புலத்தால் பிடித்து நிறுத்தப்பட்ட ஒரு ஸ்ட்ரான்ஷியம் அயனியும் ஒரு கால்சியம் அயனியும். இரண்டு கருவிகளுக்கும் இடையே ஒளி போய்வர ஃபைபர் இழை. எந்தப் பக்கத்துக் கால்சியம் அயனியும் தன் இடத்தை விட்டு நகரவே இல்லை. ஆனாலும் வழக்கமாக இரண்டு அயனிகளும் அருகருகே இருந்தால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு கணிப்புச் செயல், விலகியிருந்த அந்த இரண்டுக்கும் இடையே நடந்தது. துல்லியம் 86 சதவீதம். அதே முறையில் குரோவரின் தேடல் கணக்கையும் ஓட்டிப் பார்த்தார்கள். 71 சதவீதம் சரியான விடை கிடைத்தது.

2 மீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். சீனாவின் ஹெஃபெய் நகரில் இதே வகைச் செயலை, நகரத்தில் பதித்த ஃபைபர் கேபிள் வழியாக 7 கிலோமீட்டர் இடைவெளியில் 2024-இல் செய்து காட்டிவிட்டார்கள். ஓரிடத்தில் இருப்பவர் இன்னோரிடத்தில் உள்ள குவாண்டம் பொருளின் மீது, அதைத் தொடாமல், அதன் நிலை என்ன என்றே அறியாமல் ஒரு செயலைச் செய்வது இனி ஆய்வுக்கூடங்களில் நடக்கும் காரியம்.

அப்படியானால் அடுத்த கேள்வி எழுகிறது. இதை யார் அனுமதிப்பது? ஒரு மருத்துவமனையின் தரவு இங்கே இருக்கிறது. அதன்மேல் ஓட வேண்டிய நிரல் வேறொரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இருவரும் விரும்பினாலே போதுமா? மூன்றாமவர் ஒருவரின் சம்மதம் இல்லாமல் நடக்கக்கூடாது என்றால்? மேலே ஒருவர், அவருக்குக் கீழே இருவர் என்று அதிகாரத்தை அடுக்க வேண்டுமென்றால்? இன்றைய கணினிகளில் இதையெல்லாம் கடவுச்சொல்லாலும் சட்டத்தாலும் சமாளிக்கிறோம். குவாண்டம் வலையமைப்பில் அந்த அடுக்குகளை இயற்பியலிலேயே பதித்துவிட முடியும். அந்த அடுக்கு எப்படி வேலை செய்கிறது, அதில் யாருக்கு எவ்வளவு பலம் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

செயலை அனுப்புவது எப்படி?

1993-இல் சார்லஸ் பென்னெட், கில் பிராஸார்ட் உள்ளிட்ட ஆறு பேர் குவாண்டம் டெலிபோர்ட்டேஷனை முன்வைத்தார்கள். இரண்டு துகள்களுக்கிடையே முன்கூட்டியே ஒரு குவாண்டம் பின்னலை (entanglement) ஏற்படுத்தி வைத்துக்கொண்டு, இரண்டு சாதாரண பிட் செய்தியை மட்டும் அனுப்பி, ஒரு க்யூபிட்டின், அதாவது 0, 1 இரண்டின் கூட்டாக இருக்கக்கூடிய குவாண்டம் பிட்டின், நிலையை அடுத்த இடத்தில் உருவாக்கலாம் என்றது அந்தக் கட்டுரை. 1997-இல் இன்ஸ்புரூக்கில் ஆன்டன் சைலிங்கரின் குழு அதை ஃபோட்டான்களில் செய்து காட்டியது. 2022-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் சைலிங்கரும் ஒருவர்.

அங்கே அனுப்பப்பட்டது ஒரு நிலை. ஒரு செயலை அனுப்புவது இன்னும் கடினம். “செயலை ஒரு க்யூபிட் கூட்டத்தில் எழுதி அனுப்பிவிட்டால், பெறுபவர் அதைத் தன் கருவியில் போட்டு ஓட்டிக்கொள்ளலாமே” என்று தோன்றும். முடியாது. மைக்கேல் நீல்சனும் ஐசக் சுவாங்கும் 1997-இல் அதை நிறுவினார்கள். எந்தச் செயலை வேண்டுமானாலும் பிழையின்றி ஓட்டித் தரும் ஒரு பொதுக் கருவியை, வரம்புக்குட்பட்ட அளவுள்ள குவாண்டம் நிரலைக் கொண்டு உருவாக்க முடியாது. ஆகவே செயலை வைத்திருப்பவரும் க்யூபிட்டை வைத்திருப்பவரும் மாறி மாறிப் பேசித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பேச்சுக்கு ஆகும் குறைந்தபட்சச் செலவு என்ன என்பதை 2001-இல் சூசானா ஹுவெல்கா, ஜோன் வக்காரோ, ஆண்டனி செஃப்லெஸ், மார்ட்டின் பிளேனியோ ஆகியோர் கணக்கிட்டார்கள். தங்கள் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘குவாண்டம் ரிமோட் கன்ட்ரோல்’. எந்தச் செயல் என்று முன்கூட்டி ஒன்றுமே தெரியாதபோது, க்யூபிட்டைச் செயல்காரரிடம் டெலிபோர்ட் செய்து, அவர் செயலைச் செய்து, திருப்பி டெலிபோர்ட் செய்வதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்று அவர்கள் காட்டினார்கள். அதற்கு இரண்டு பின்னல் ஜோடிகள் வேண்டும்; திசைக்கு இரண்டு பிட் செய்தியும் வேண்டும்.

2002-இல் ஹுவெல்கா, பிளேனியோ, வக்காரோ மூவரும் இதில் ஒரு சலுகையைக் கண்டுபிடித்தார்கள். செயல் ஒரு குறிப்பிட்ட வகையைச் சேர்ந்தது என்பது மட்டும் தெரிந்திருந்தால், உதாரணமாக ஒரே அச்சைச் சுற்றித் திருப்புவது, ஆனால் எவ்வளவு கோணம் என்பது ரகசியம் என்றால், ஒரே ஒரு பின்னல் ஜோடி போதும். இந்தச் சலுகையின் மேல்தான் பின்னாளில் வந்த அடுக்கு முறைகள் பலவும் நிற்கின்றன. அதனால் அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

இத்துறையினர் வழக்கமாக வைக்கும் பெயர்களையே நாமும் வைத்துக்கொள்ளலாம். ஆலிஸிடம் திருப்பும் கருவி இருக்கிறது. பாப்பிடம் ஒரு க்யூபிட் இருக்கிறது. இருவருக்கும் பொதுவாக ஒரு பின்னல் ஜோடி உண்டு, ஆளுக்கு ஒரு துகள். பாப் தன் க்யூபிட்டைத் தன் பங்குத் துகளோடு ஊடாட விட்டு, அந்தத் துகளை மட்டும் அளக்கிறார். விடை 0 அல்லது 1. அதை ஆலிஸுக்குச் சொல்கிறார். ஆலிஸ் அதற்கேற்பத் தன் துகளைச் சரிசெய்கிறார். இப்போது பாப்பின் க்யூபிட்டில் இருந்த தகவல் இருவருக்கும் இடையே பரவி நிற்கிறது. ஆலிஸ் தன் துகளின்மேல் கருவியை ஓட்டுகிறார். கோணம் அந்தப் பொதுநிலையில் பதிகிறது. பிறகு ஒரு குறிப்பிட்ட முறையில் தன் துகளை அளந்து, அந்த விடையைப் பாப்புக்கு அனுப்புகிறார். விடை 1 என்றால் பாப் தன் க்யூபிட்டில் 0-க்கும் 1-க்கும் இடையிலுள்ள கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றுகிறார். அவ்வளவுதான். பாப்பின் க்யூபிட் ஆலிஸின் கோணத்துக்குத் திரும்பியிருக்கும்.

ஆலிஸுக்குப் பாப்பின் தரவு தெரியாது. பாப்புக்கு ஆலிஸின் கோணம் தெரியாது. ஒருமுறை ஓடியதை வைத்து அதை முழுதாகக் கண்டறியவும் முடியாது. ரகசிய நிரலை வைத்திருப்பவரும் ரகசியத் தரவை வைத்திருப்பவரும் ஒருவரையொருவர் நம்பாமலே சேர்ந்து வேலை செய்ய இது வழி திறக்கிறது. இந்தச் சாத்தியத்துக்காகவே நான் இத்துறையை ஆர்வத்தோடு பின்தொடர்கிறேன்.

மூன்றாமவர் வருகிறார்

இப்போது அந்த ஜோடிக்குப் பதிலாக மூன்று துகள்கள் ஒன்றாகப் பின்னிய நிலையை எடுத்துக்கொள்வோம். கிரீன்பெர்கர், ஹார்ன், சைலிங்கர் மூவரும் 1989-இல் முன்வைத்ததால் அதற்கு ஜிஎச்ஸெட் நிலை என்று பெயர். மூன்றாவது துகள் சார்லியின் கையில். ஆண்டர்ஸ் கார்ல்சனும் முகமது புரெனானும் 1998-இல் இதை வைத்துத்தான் மூன்றாமவரின் கட்டுப்பாட்டில் நடக்கும் டெலிபோர்ட்டேஷனை அமைத்தார்கள். செயல்களுக்கும் அதையே விரித்து, பல க்யூபிட்டுகளுக்கும் பல கட்டுப்பாட்டாளர்களுக்கும் பொருந்தும்படி 2007-இல் எழுதினார் ஹெஃபெயைச் சேர்ந்த வாங் ஆன்மின்.

சார்லி சம்மதித்தால், தன் துகளை ஒரு குறிப்பிட்ட முறையில் அளந்து விடையைச் சொல்கிறார். அந்த ஒரு பிட் தெரிந்தால் ஆலிஸும் பாப்பும் வைத்திருப்பது ஒரு முழுமையான பின்னல் ஜோடி. தெரியாவிட்டால், பாப்பின் இறுதி நிலையில் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பது பாதிக்குப் பாதி ஊகம். சார்லி எதையும் அளக்காமல் சும்மா இருந்தால், ஆலிஸுக்கும் பாப்புக்கும் இடையே பயன்படும் பின்னல் என்று எதுவுமே இல்லை.

கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு போட்டு, சாவிகளை வெவ்வேறு ஆள்களிடம் கொடுத்து வைப்பது நமக்குப் பழகிய ஏற்பாடு. ஆனால் சாவிக்கு நகல் எடுக்கலாம், பூட்டையும் உடைக்கலாம். பணம் உள்ளே ஏற்கெனவே இருக்கிறது. சார்லி சொல்ல வேண்டிய அந்த பிட்டோ அவர் அளக்கும் வரை எங்குமே இல்லை. அவரது மேசையிலும் இல்லை, துகளை அனுப்பியவரிடமும் இல்லை. முன்கூட்டியே திருடிவைக்க அங்கே எதுவும் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. சார்லி தன் துகளை வேறொரு முறையில், அதாவது அது 0-வா 1-ஆ என்று நேரடியாகப் பார்க்கும் முறையில் அளந்தால், பின்னல் அறுந்துபோகிறது. பிறகு அவரே மனம் மாறினாலும் அனுமதிக்க முடியாது. திரும்பப்பெற முடியாத மறுப்பு அது. அளவீடு நடந்த கணமே வாய்ப்பு முடிந்துவிடுகிறது.

அடுக்கு எப்படி அமைகிறது?

எல்லாக் கட்டுப்பாட்டாளர்களும் ஒரே தட்டில் இருந்தால் ஒரு தொல்லை. ஜிஎச்ஸெட் நிலையை நான்கு, ஐந்து பேருக்கு நீட்டினால் அத்தனை பேரின் விடையும் வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடும். நிஜ உலகில் எல்லாருக்கும் சம அதிகாரம் இருப்பதில்லை, இருக்கவும் தேவையில்லை.

அடுக்கின் கணிதம் தகவல் பகிர்வில்தான் முதலில் வளர்ந்தது. 2013-இல் அதைப் பொதுமைப்படுத்தி எழுதியவர்களில் நொய்டாவின் ஜேபீ தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த அனிர்பன் பதக்கும் சித்ரா சுக்லாவும் உண்டு. அதை இங்கே பொருத்திப் பார்க்க ஓர் எளிய அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். ஐந்து க்யூபிட்டுகள்: ஆலிஸுக்கு ஒன்று, பாப்புக்கு ஒன்று, மேல்நிலைக் கட்டுப்பாட்டாளர் ஒருவருக்கு ஒன்று, கீழ்நிலையில் இருவருக்கு ஒவ்வொன்று. நிலையை இப்படி வடிவமைக்கலாம்: கீழ்நிலை இருவரும் அளந்தால் எப்போதும் ஒரே விடைதான் வரும், இருவருக்கும் 0 அல்லது இருவருக்கும் 1. மேலவரின் விடையைக் கீழவர் ஒருவரின் விடையோடு கூட்டினால் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதுதான் பாப் குறியை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்பதைச் சொல்லும்.

இதிலிருந்து என்னென்ன விளைகின்றன என்று பாருங்கள். மேலவரும் கீழவர்களில் யாராவது ஒருவரும் சம்மதித்தால் செயல் நடக்கும். இன்னொரு கீழவர் விடுப்பில் இருந்தாலும் பாதகமில்லை. மேலவர் தனியாக அனுமதிக்க முடியாது, அவர் கையிலுள்ள விடை வெறும் நாணயச் சுண்டல். கீழவர் இருவரும் கூட்டுச் சேர்ந்தாலும் மேலவர் இல்லாமல் அனுமதிக்க முடியாது. அவர்கள் இருவரின் துகள்களையும் எந்த முறையில் ஆராய்ந்தாலும் தேவையான அந்தத் தகவல் அதில் சொட்டுக்கூட இல்லை.

மறுப்பதற்கான அதிகாரம் வேறு மாதிரிப் பிரிகிறது. மேலவர் தனியாகவே பின்னலை அறுத்துவிட முடியும். கீழவர் ஒருவர் மட்டும் குறுக்கே நின்றால் எதுவும் ஆகாது. மேலவரும் மற்றவரும் சேர்ந்து காரியத்தை முடித்துவிடுவார்கள். கீழவர் இருவரும் சேர்ந்து எதிர்த்தால் மட்டும், தங்கள் துகள்களை வேறு முறையில் அளந்து, மேலவர் எவ்வளவு விரும்பினாலும் நடக்காதபடி செய்துவிடலாம். அனுமதிக்கும் அதிகாரம் ஒரு கணக்கு, தடுக்கும் அதிகாரம் இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே நிலையில், ஒரே தடவையில் எழுதிவைக்கிறோம். காகிதத்தில் இதைப் போட்டுப் பார்த்து முடிக்கும்போது வரும் வியப்பு இன்றுவரை எனக்குக் குறையவில்லை.

அதிகாரத்துக்கு எவ்வளவு பலம்?

இங்கே நிதானம் தேவை. சார்லி சம்மதிக்காவிட்டால் பாப்புக்கு எதுவுமே கிடைக்காது என்று சொல்வது தவறு. எல்லா வகை நிலைகளுக்கும் சராசரி எடுத்தால், அனுமதி இல்லாமலே பாப் 2/3 அளவு துல்லியம் பெறுகிறார். பின்னலே இல்லாமல், அளந்து சொல்லும் சாதாரண வழியிலும் அதே 2/3 கிடைக்கும். ஆகவே சார்லியின் சம்மதத்தால் உண்மையில் கூடும் மதிப்பு மீதமுள்ள மூன்றில் ஒரு பங்கு. ஒரு கட்டுப்பாட்டாளருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை அளக்க வேண்டும் என்று 2014-இல் லீ ஷிஹானும் ஷோஹினி கோஷும் வலியுறுத்தினார்கள். அதற்கு முன் பல கட்டுரைகள் ‘கட்டுப்பாடு’ என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அது எவ்வளவு என்று கேட்காமலே போயின.

பாப்பின் க்யூபிட் சுத்தமான 0 நிலையிலோ 1 நிலையிலோ இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது குறி மாறினாலும் ஒன்றும் ஆகாது. சார்லிக்கு அதிகாரமே இல்லை. முழு அதிகாரம் வேண்டுமென்றால், குறி மாறும் பிழை, 0-வும் 1-உம் இடம் மாறும் பிழை ஆகிய இரண்டையும் பூட்ட வேண்டும். அதற்குக் கூடுதல் பின்னல் செலவழிக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் தட்டிக்கழிக்கக் கூடாது. இதை ஏன் இவ்வளவு சிரமப்பட்டுச் செய்ய வேண்டும்? ஜோடியை வழங்குபவர் அதில் ரகசியமாகக் குறியை மாற்றிவிட்டு, அந்த ஒரு பிட்டைச் சீட்டில் எழுதிச் சார்லியிடம் கொடுத்தால் போதாதா? பல நேரங்களில் போதும் என்பதே உண்மை. எளிய காரியங்களுக்கு ஐந்து துகள் பின்னல் வீண்செலவு. ஆனால் அந்தச் சீட்டில் இருப்பது வழங்குபவருக்கும் தெரியும், நகலும் எடுக்கலாம். வழங்குபவரையே நம்ப முடியாத இடங்களில்தான் குவாண்டம் அடுக்கு தன் விலைக்குத் தகுதியாகிறது.

அங்கும் ஒரு பொறி உண்டு. வழங்குபவர் மூன்று துகள் பின்னலைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, ஆலிஸுக்கும் பாப்புக்கும் ஒரு முழு ஜோடியையும் சார்லிக்குத் தொடர்பில்லாத ஒரு துகளையும் கொடுத்தால்? சார்லி அளப்பார், விடை சொல்வார், தானே அனுமதித்ததாக நினைத்துக்கொள்வார். உண்மையில் அவருடைய சொல்லுக்காக யாரும் காத்திருக்கவில்லை. இதைத் தடுக்க ஒரே வழி, கிடைக்கும் நிலைகளில் ஒரு பகுதியைச் செயலுக்குப் பயன்படுத்தாமல், முன்னறிவிப்பின்றித் தேர்ந்தெடுத்து, எல்லாரும் சேர்ந்து சோதித்துப் பார்ப்பது. கட்டுப்பாட்டாளர் பொய் விடை சொன்னால் கண்டுபிடிப்பதற்கும் இதே சோதனைதான். சோதனையில்லாத அடுக்கு அதிகாரம் பெயர்ப்பலகை மட்டுமே.

கேபிளில் தொலையும் ஒளி

எழுத்தில் இவ்வளவு அழகாக இருப்பது களத்தில் ஏன் தடுமாறுகிறது? முதல் காரணம் ஃபைபர். தொலைத்தொடர்புக்குப் பயன்படும் நல்ல இழையிலும் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் ஒளி தொலைகிறது. 50 கிலோமீட்டர் போனால் பத்தில் ஒரு ஃபோட்டான் மிஞ்சும். 100 கிலோமீட்டர் போனால் நூற்றில் ஒன்று. நடுவில் ஓரிடத்திலிருந்து ஐந்து பேருக்கும் தலா 50 கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பினால், ஐந்தும் சேர்ந்து போய்ச் சேரும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று. குவாண்டம் நிலையை நகலெடுக்க முடியாது என்று 1982-இலேயே நிறுவப்பட்டுவிட்டதால், வழியில் சாதாரண ஆம்ப்ளிஃபயர் வைத்துப் பெருக்கவும் முடியாது.

அடுத்தது நேரம். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 7 கிலோமீட்டருக்கு 35 மைக்ரோநொடி. பாப் சொல்ல வேண்டும், ஆலிஸ் பதில் சொல்ல வேண்டும், மேலவர், கீழவர் சொல்ல வேண்டும். அத்தனை செய்தியும் வந்து சேரும்வரை க்யூபிட் சிதையாமல் காத்திருக்க வேண்டும். அடுக்கு கூடக்கூடக் காத்திருப்பும் கூடும். குவாண்டம் நினைவகம் இல்லாமல் அடுக்குக் கட்டுப்பாடு இல்லை என்பது இதனால்தான்.

இதில் நம்பிக்கை தருவது நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரம். அங்குள்ள க்யூடெக் ஆய்வகத்தில் வைரத்துக்குள் இருக்கும் நைட்ரஜன் குறைபாடுகளைக் க்யூபிட்டாக்கி, 2021-இல் மூன்று முனைகளைப் பின்னினார்கள். முனைகளுக்கு ஆலிஸ், பாப், சார்லி என்றே பெயர். மூன்று முனை ஜிஎச்ஸெட் நிலையும் அதில் உருவானது. 2022-இல், நேரடித் தொடர்பு இல்லாத சார்லியிலிருந்து ஆலிஸுக்கு டெலிபோர்ட் செய்தார்கள். 2024-இல் டெல்ஃப்டுக்கும் தி ஹேக்குக்கும் இடையே, தரையில் பதித்த 25 கிலோமீட்டர் ஃபைபர் வழியாகப் பின்னலை ஏற்படுத்திக் காட்டினார்கள். ஒரு கட்டுப்பாட்டாளருக்குத் தேவையான உறுப்புகள் ஏறக்குறைய எல்லாம் தனித்தனியே கைக்கு வந்துவிட்டன. நகரங்களுக்கிடையே ஐந்து முனை அடுக்கு இன்னும் எழுத்தில்தான் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன வேலை?

இந்திய அரசின் அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு 6,003.65 கோடி ரூபாய். காலம் 2030-31 வரை. குவாண்டம் நினைவகம் கொண்ட பல முனை வலையமைப்பு அதன் அறிவிக்கப்பட்ட இலக்குகளில் ஒன்று. இயக்கத்தின் நான்கு மையங்களில் ஒன்றான குவாண்டம் தகவல்தொடர்பு மையம், அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட்டோடு இணைந்து சென்னை ஐஐடியில் அமைந்திருக்கிறது. ஆகவே இந்தக் கேள்விகள் டெல்ஃப்டுக்கும் ஹெஃபெய்க்கும் மட்டுமானவை அல்ல. சென்னையில் இருப்பவர்களும் எதிர்கொள்ள வேண்டியவை.

இன்று நம்மூரில் குவாண்டம் தகவல்தொடர்பு என்றதும் ரகசியச் சாவி பரிமாற்றம் பற்றித்தான் பேச்சு. அது முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று செயல் புரியத் தொடங்கிய பிறகு, யார் மேலடுக்கு, யார் கீழடுக்கு என்ற கேள்வி வந்தே தீரும். சாதாரணக் கணினி வலையமைப்பில் அதிகாரத்தைத் தவறாகப் பிரித்துவிட்டால், நாளை ஒரு மென்பொருள் மாற்றத்தால் திருத்திக்கொள்ளலாம். இங்கே பகிர்ந்த நிலையே அதிகாரப் பங்கீடு. துகள்கள் போய்ச் சேர்ந்த பிறகு, மேலவர் ஒத்துழைக்காத வரையில் கீழவருக்கு அதிகாரத்தைக் கூட்டித் தர முடியாது. கேபிள் எந்த ஊர்களை இணைக்கிறது, பின்னலை உருவாக்கும் மூலக்கருவி யார் கட்டடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பங்கீட்டைப் பல ஆண்டுகளுக்குத் தீர்மானித்துவிடும்.

எனவே சென்னையில் இந்தப் பணியில் இருப்பவர்களிடமும், அதற்கு நிதி ஒதுக்குபவர்களிடமும் வெளிப்படையாகக் கேட்க வேண்டியவை உண்டு. மூலக்கருவியை நடத்துபவரும் கட்டுப்பாட்டாளரும் ஒரே அமைப்பாக இருக்கக் கூடாது என்று விதி எழுதுங்கள். கீழடுக்கில் இருப்பவர்களுக்குத் தடுக்கும் உரிமையாவது இருக்கும்படி நிலைகளைத் தேர்ந்தெடுங்கள். சோதனைச் சுற்றுகளின் முடிவுகளைப் பொதுவில் வெளியிடுங்கள். இவற்றை வலையமைப்பு கட்டி முடிந்த பிறகு சேர்க்க முடியாது. வரைபடம் மேசையில் இருக்கும்போதே சேர்க்க வேண்டும்.